பெற்றவள் அருகே இருப்பார் யார்?



பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்பது நம் முன்னோர் மொழி. அஃது அழகுக்காகச் சொல்லப்பட்டதன்று. கண்டதைக் கண்டவாறே சொன்னதாகும். பேற்று வலி கண்ட பெண் மீண்டு வருவாளோ மாட்டாளோ என்று வீட்டார் திண்ணையில் கலங்கி நின்ற காலம் ஒன்றிருந்தது. பழைய பங்குப் பதிவேடுகளைப் புரட்டுவோர், சேயின் ஞானஸ்நானமும் தாயின் அடக்கமும் ஒரே வாரத்தில் நிகழ்ந்த செய்தியைக் கண்டு மனம் கலங்காமல் இருக்க இயலாது.

இன்று நிலை பெரிதும் மாறியிருக்கிறது. 1992-93ஆம் ஆண்டில் நடந்த முதலாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்போது, தமிழகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குப் பேறுகள் வீட்டிலேயே நிகழ்ந்தன. 2019-21இல் நடந்த ஐந்தாம் கணக்கெடுப்பிலோ, நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தமை தெரியவந்தது. உயிருடன் பிறக்கும் ஒவ்வோர் இலட்சம் குழந்தைகளுக்கும் எத்தனை தாய்மார் உயிரிழந்தனர் என்று கணக்கிடுவது வழக்கம். 2001-03இல் தமிழகத்தில் 134ஆக இருந்த அவ்வெண், 2018-20இல் 54ஆகக் குறைந்தது. அதே காலத்தில் இந்தியா முழுமைக்குமான எண் 97 ஆகும்.

வட சென்னை மக்களாகிய நமக்கு இம்மாற்றம் ஏட்டில் படித்தறியும் செய்தியன்று. மூலக்கொத்தளத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் ஸ்டான்லி மருத்துவமனை நிற்கிறது. 1782இல், போரும் பஞ்சமும் வாட்டிய மக்களுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரமே அதன் தொடக்கம். ஆகையால்தான் நம் பகுதி முதியோர் அதனைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே அழைக்கின்றனர். இராயபுரத்தில், சவலை இராமசாமி முதலியார் என்னும் வள்ளல் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிறுவிய பிள்ளைப்பேற்று மருத்துவமனை, இன்று ஆர்.எஸ்.ஆர்.எம். என்னும் எழுத்துகளால் எல்லோர்க்கும் தெரிந்தது. துறைமுகத் தொழிலாளியின் மனைவியும், காசிமேட்டு மீன் வியாபாரம் செய்யும் பெண்ணும், எண்ணூர்ப் பக்கத்து ஆலைத் தொழிலாளியின் மகளும் தலைமுறை தலைமுறையாக அங்கே பிள்ளை பெற்று வந்துள்ளனர். 'நீ எங்கே பிறந்தாய்?' என்று நம் பங்கில் கேட்டால், பாதிப்பேர் அம்மருத்துவமனையின் பெயரையே சொல்வர்.

இவ்வளவும் உண்மையே. எனினும் 54 என்னும் எண்ணைச் சற்றே விரித்துப் பார்ப்போம். தமிழகத்தில் அப்போது ஓராண்டில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ ஒன்பது இலட்சம். அக்கணக்கின்படி ஆண்டொன்றுக்கு ஐந்நூறு அளவில் தாய்மார் இறந்தனர் என்றாகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்கள். ஆதலின், 'பேறு எங்கே நிகழ வேண்டும்?' என்னும் கேள்விக்கு நாம் விடை கண்டுவிட்டோம். இனி நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பேற்றின்போதும், பேற்றுக்குப் பின்னரும், அவள் அருகே இருப்பார் யார்?

இதனைப் பங்குக் குரு எழுதுவானேன்?

இப்பொருள் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் உரியதாயிற்றே என்று சிலர் நினைக்கலாம். ஆனால் 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, பங்குக் குருக்களுக்கு ஒரு கடமையை விதித்திருந்தது. ஆபத்து வேளையில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் முறையை விசுவாசிகள், சிறப்பாக மருத்துவச்சிகளும் மருத்துவர்களும், நன்கு அறிந்திருக்கும்படி அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். 1983ஆம் ஆண்டின் புதிய தொகுப்பும் இப்பொறுப்பைக் குருக்களிடமிருந்து நீக்கவில்லை. குருவானவர் நுழைய முடியாத அறையில், பிறந்த சில நிமிடங்களே வாழப்போகும் குழந்தைக்கு மருத்துவச்சியின் கையே திருச்சபையின் கையாக இருந்தது. அக்கைகளை மதிக்கும் கடமை நமக்கு என்றும் உண்டு.

ஆனால் அக்கைகள் தாமே முன்வந்தபோது, அவற்றை நாம் எப்போதும் வரவேற்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. துறவறச் சகோதரிகள் பேறுகால மருத்துவம் பார்ப்பது நெடுங்காலம் தடை செய்யப்பட்டிருந்தது. கற்பு வார்த்தைப்பாடு எடுத்த கன்னியர்க்கு இப்பணி தகாது என்பது அக்காலக் கருத்து. அதன் விளைவை நம் நாட்டுப் பெண்களே சுமந்தனர். ஆண் மருத்துவரிடம் தம்மைக் காட்டிக்கொள்ள உடன்படாத பெண்கள், பெண் மருத்துவரும் இல்லாமையால், எவர் துணையுமின்றி மாண்டனர்.

ஆக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பெண் மருத்துவர் இந்நிலையை எடுத்துரைத்து உரோமைக்கு மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். 1913இல் அவர் மறைந்தபோதும் தடை நீங்கவில்லை. அவருடைய வேண்டுகோளால் தூண்டப்பட்ட ஆஸ்திரிய நாட்டு அன்னா டெங்கல், மருத்துவப் படிப்பை முடித்து, 1920இல் இராவல்பிண்டி சேர்ந்தார். பின்னர் 1925இல் மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையை நிறுவினார். அதே 1920இல், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மருத்துவர் மேரி குளோரி, அன்றைய சென்னை மாகாணத்தின் பகுதியாக இருந்த குண்டூருக்கு வந்து, துறவற சபையில் சேர்ந்தார்; மருத்துவராகப் பணியாற்றத் திருத்தந்தையின் தனி அனுமதியையும் பெற்றார். அவர் உள்ளூர்ப் பெண்களுக்கு மருத்துவச்சிப் பயிற்சியும் செவிலியர் பயிற்சியும் அளித்தார். 1943இல் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. இறுதியில் 1936ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் உரோமையிலிருந்து ஓர் அறிவுரைக் கடிதம் வெளிவந்தது. மறைபரப்பு நாடுகளில் துறவறப் பெண்கள் பேறுகால மருத்துவத்திலும் ஈடுபடலாம் என்று அது வழிவிட்டது. தாய்மார் தனியே மடிவதைக் கண்டு பொறாத சில பெண்களின் விடாமுயற்சியால் நெடுங்காலத் தடை நீங்கிற்று. இவ்வரலாறு நம் இல்லங்களிலும் தெரிந்திருக்க வேண்டியது.

கட்டடம் மட்டும் காக்குமா?

மருத்துவமனைக்குச் சென்றுவிட்டால் எல்லாம் நலமே என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் பரவியிருக்கிறது. செவிலியர் பணிக்கு முன்னோடியாகிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இவ்வெண்ணத்தை அன்றே ஆராய்ந்தார். இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் அவருடைய முயற்சியால் தொடங்கப்பெற்ற பேறுகால விடுதியில் தாய்மார் பலர் பேறுகாலக் காய்ச்சலால் இறக்கவே, 1867இல் அது மூடப்பட்டது. பின்னர் அவர் கணக்குகளைத் திரட்டி 1871இல் நூலொன்று வெளியிட்டார். வீட்டில் பெற்றவர்களைக் காட்டிலும் பேறுகால விடுதிகளில் பெற்றவர்களே அதிகம் இறந்தனர் என்னும் கசப்பான உண்மையை அதில் எடுத்துக்காட்டினார். அதற்கு முன்பே 1847இல், வியன்னா நகர மருத்துவர் செம்மல்வைஸ், மருத்துவர்கள் கைகளைக் கிருமி கொல்லும் கரைசலில் கழுவிய பின்னரே தாயைத் தொட வேண்டும் என்று விதித்துப் பல உயிர்களைக் காத்திருந்தார்.

இன்றைய மருத்துவமனைகள் அன்றைய விடுதிகள் அல்ல. கிருமி கொல்லும் மருந்துகளும் இரத்த வங்கிகளும் வந்துவிட்டன. ஆயினும் நைட்டிங்கேல் அம்மையார் கண்டறிந்தது மாறவில்லை. தாயைக் காப்பது கட்டடமன்று. தூய்மையான கையும், விழித்திருக்கும் கண்ணும், பொறுமையுள்ள நாவும் கொண்ட மனிதர் ஒருவரே அவளைக் காக்கிறார். அத்தகையோர்க்கு நம் மொழி வழங்கிய பெயர் செவிலியர் என்பது. சங்க இலக்கியத்தில் தலைவியை வளர்த்தெடுக்கும் வளர்ப்புத் தாய்க்குச் செவிலித்தாய் என்று பெயர். பெறாமலே தாயாக நிற்பவள் என்பது அதன் உட்பொருள்.

வலியின் வேளையில்

பேற்று வலியால் துடிக்கும் பெண்ணை அறைக்குள் அனுப்பிவிட்டுக் கதவுக்கு வெளியே உறவினர் காத்திருப்பதே நாம் கண்டு பழகிய காட்சி. உள்ளே அவள் அறியாத முகங்களின் நடுவே தனியே கிடப்பாள். அழுதால் அதட்டும் சொல்லும், கத்தினால் நாணவைக்கும் சொல்லும் நாட்டின் பல பேற்றறைகளில் கேட்கப்பட்டதுண்டு. முதல் பிள்ளையைப் பெற்ற வலியை மறந்துவிட்ட பெண்களும், அன்று கேட்ட ஒரு கடுஞ்சொல்லை முதுமை வரை மறவாமல் இருக்கின்றனர்.

இதற்கு மாற்று ஒன்றைத் தமிழகம் மற்ற மாநிலங்களுக்கு முன்பே கண்டது. பேற்று வேளையில் தாய் விரும்பும் பெண் ஒருவர் உடனிருக்கலாம் என்னும் துணைத் திட்டம் 2004இல் அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பெற்றது. உலக அளவில் இதனை ஆராய்ந்தோர் 2017இல் தந்த தொகுப்பில், 26 ஆய்வுகளில் இடம்பெற்ற 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் செய்தி அடங்கியிருந்தது. இடைவிடாத துணையைப் பெற்ற தாய்மார்க்கு வலிக்காலம் குறைந்தது. இயல்பான பேறு மிகுந்தது. வயிற்றைக் கீறி எடுக்கும் தேவை குறைந்தது. உலக நலவாழ்வு நிறுவனமும் 2018இல் வெளியிட்ட நெறிமுறைகளில், ஒவ்வொரு தாய்க்கும் அவள் விரும்பும் துணை இருக்க வேண்டும் என்றும், அவளை மதிப்போடு நடத்த வேண்டும் என்றும் வற்புறுத்தியது.

ஐந்தாம் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பேறுகள் அறுவையால் நிகழ்ந்தன. அரசு மருத்துவமனைகளில் நூற்றுக்கு 36. தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு 60க்கும் மேல். உயிர் காக்கும் அறுவையை இறைவன் தந்த கொடை என்றே போற்ற வேண்டும். ஆனால் வலிக்கு அஞ்சியும், நல்ல நேரம் குறித்துக்கொண்டும் குடும்பத்தார் தாமே அறுவையைக் கேட்பது முறையன்று. அச்சத்தைத் தணிக்கும் துணை அருகிருந்தால் இத்தகைய அறுவைகள் சில தவிர்க்கப்படும்.

துணையாகச் செல்பவர் யார் என்பதையும் குடும்பம் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். பிள்ளை பெற்றுத் தேர்ந்தவராகவும், பதறாதவராகவும், செவிலியரோடு வாதிடாதவராகவும் இருத்தல் நன்று. தாயின் கையைப் பிடித்துக்கொள்ளுதல், முதுகை நீவிவிடுதல், நீராகாரம் கொடுத்தல், மருத்துவர் இசைந்தால் எழுந்து நடக்க உதவுதல், மாற்றம் எதையேனும் கண்டால் உடனே செவிலியரை அழைத்தல் ஆகிய இவையே அவர் வேலை. பக்கத்து வீட்டுப் பேற்றில் நேர்ந்த தீங்கையெல்லாம் அவ்வேளையில் கதையாகச் சொல்பவர் துணையாக மாட்டார்.

முதல் மணி நேரம்

குழந்தை அழுத ஒலி கேட்டதும் வெளியே இனிப்பு வழங்கத் தொடங்குகிறோம். செவிலியர்க்கோ அதன் பிறகுதான் கவலை மிகுந்த நேரம் தொடங்குகிறது. பேற்றுக்குப் பின் நிகழும் மிகை இரத்தப்போக்கு, தாயின் உயிரைச் சில மணி நேரத்திற்குள் கொண்டு சென்றுவிட வல்லது. சோகை பிடித்த உடலோ சிறு இழப்பையும் தாங்காது. தமிழகத்தில் கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர்க்குச் சோகை இருந்ததை ஐந்தாம் கணக்கெடுப்பு காட்டியது. மாதக்கணக்கில் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளை அலமாரியில் அடுக்கி வைக்கும் பெண்களும், அதனைக் கேட்டறியாத கணவன்மாரும் இச்செய்தியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இத்துறையில் அண்மையில் கண்ட நல்ல முன்னேற்றம் ஒன்று முழுவதும் செவிலியர் கையில் உள்ளது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடையே நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியாயிற்று. பேறு முடிந்தவுடன் தாயின் கீழே அளவுக் கோடுகள் இட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை விரித்து, வெளியேறும் இரத்தத்தை அளந்தனர். முன்பெல்லாம் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதே வழக்கம். அம்மதிப்பீடு பெரும்பாலும் உண்மையினும் குறைவாகவே இருக்கும். குறித்த அளவை இரத்தம் எட்டியதும், கருப்பையைப் பிசைந்து சுருங்கச் செய்தல், மருந்துகள் ஏற்றுதல், நரம்பு வழி நீர் ஏற்றுதல், காரணத்தைத் தேடிப் பார்த்தல் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரச் செய்தனர். கடுமையான இரத்தப்போக்கும் அதன் கொடிய விளைவுகளும் நூற்றுக்கு அறுபது அளவில் குறைந்தன. பெரிய பொறி எதுவும் அங்கே வந்து சேரவில்லை. அளவிட்ட விரிப்பும், அதனை விட்டு அகலாத கண்ணுமே வேலை செய்தன.

அகலாமல் நிற்க ஆள் வேண்டுமல்லவா? ஒரு செவிலியர் ஒரே நேரத்தில் பல தாய்மாரைப் பார்க்க நேர்ந்தால், அவர் எத்தனை நல்லவராயினும் யாரேனும் ஒருத்தியை விட்டு விலகியே ஆக வேண்டும். நாம் கேட்ட கடுஞ்சொற்கள் சிலவற்றின் பின்னே, இரவு முழுதும் உட்காராத கால்கள் உள்ளன. கடுஞ்சொல்லுக்கு இது நியாயமாகாது. ஆனால் அதனைத் தீர்க்கும் வழியைக் காட்டுகிறது. மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் கேட்டு மனுக் கொடுக்கும் நாம், போதிய செவிலியரை நியமிக்கவும், தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்போரை நிலைப்படுத்தவும் கேட்பதே தாய்மார்க்குச் செய்யும் பெரிய உதவி.

சேயைத் தாயினின்று பிரிக்கலாகாது

பிறந்த குழந்தையைத் துடைத்துச் சுற்றி வேறோர் அறைக்குக் கொண்டு செல்வதே நாகரிகம் என்று ஒரு காலத்தில் கருதினர். இன்று அக்கருத்து தலைகீழாக மாறிவிட்டது. நலமாகப் பிறந்த குழந்தையை உடனே தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்த வேண்டும். கொடியை ஒரு நிமிடமேனும் கழித்தே அறுக்க வேண்டும். முதல் மணி நேரத்திற்குள் பாலூட்ட வேண்டும். முதல் நாள் குளிப்பாட்டலாகாது என்பனவே இன்றைய நெறி.

இம்மாற்றத்தைக் கற்பித்தது வறுமையே என்பது வியப்புக்குரியது. மும்பை சயான் மருத்துவமனையில், செவிலியர் குறைவாலும் தொற்றாலும் குறைமாதக் குழந்தைகள் மடிவதைக் கண்ட மருத்துவர் அர்மீடா பெர்னாண்டஸ், அன்னையரையே குழந்தைகளின் அருகில் வரவழைத்துப் பராமரிக்கச் செய்தார். 1989இல் அங்கே தாய்ப்பால் வங்கி ஒன்றையும் தொடங்கினார். தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகர மருத்துவமனையிலும் இதே நெருக்கடி. கருவிகள் போதாமையால் மருத்துவர் எட்கர் ரே 1978இல் எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்துக் கட்டிவைக்கச் செய்தார். கங்காரு தன் குட்டியை மடியில் சுமப்பது போன்ற இம்முறைக்குக் கங்காரு பராமரிப்பு என்றே பெயர் வந்தது.

முதலில் கருவிக்கு மாற்றாகக் கண்ட இம்முறை, பின்னர்க் கருவியினும் சிறந்ததெனத் தெளிந்தது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்குகொண்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. எடை மிகக் குறைந்த குழந்தைகளை, உடல்நிலை தேறும் வரை காத்திராமல் பிறந்தவுடனே தாயின் மார்பில் சேர்த்தபோது, இறப்பு நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இதற்காகத் தாயும் சேயும் ஒரே தீவிர சிகிச்சைப் பிரிவில் தங்க இடம் செய்தனர். தாய்க்கு இயலாதபோது தந்தையோ பாட்டியோ தம் மார்பில் குழந்தையை வைத்துக்கொள்ளலாம். நம் ஆண்கள் இதற்கு நாணுவானேன்?

பாலூட்டும் செய்தியில் நாம் இன்னும் பின்தங்கியே இருக்கிறோம். ஏறக்குறைய எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில் நிகழும் தமிழகத்தில், முதல் மணி நேரத்தில் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு அறுபது அளவிலேயே இருந்ததை 2019-21ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு காட்டியது. அறுவை செய்துகொண்ட தாய்க்கும் செவிலியர் துணைநின்றால் இஃது இயலும். மஞ்சள் நிறச் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டுவது பெருங்கேடு. குழந்தைக்கு இயற்கை அளிக்கும் முதல் தடுப்பு மருந்து அதுவே.

வீடு திரும்பிய பின்

மருத்துவமனை வாயிலில் செவிலியரின் காவல் முடிகிறது. பேறு முடிந்து 42 நாள்கள் வரை தாய்க்கு ஆபத்துக் காலம் என்று மருத்துவம் வகுத்திருக்கிறது. அந்நாள்களில் காவல் நம்முடையது.

நம் வழக்கங்களில் போற்றத்தக்கவை பல. தாய்வீட்டு ஓய்வும், பூண்டும், நம் கடற்கரைக் குடும்பங்கள் ஆக்கிக் கொடுக்கும் பால்சுறாப் புட்டும் பெற்றவளைத் தேற்றும். விலக்கத்தக்கவையும் உண்டு. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரைமருந்து ஆகியவற்றைப் பச்சைக் குழந்தையின் வாயில் ஊற்றலாகாது. ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டா. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது தீங்கு. பத்தியம் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரையும் காய்கறியையும் மறுப்பது பாலைக் குறைக்கும். தீட்டு என்று ஒதுக்கி வைப்பது கிறிஸ்தவக் குடும்பத்துக்குச் சிறிதும் பொருந்தாது. பேற்றுக்குப் பின் ஆலயத்தில் தாய்க்கு வழங்கப்பெற்ற ஆசி நன்றியறிதலுக்கானதே, தீட்டுக் கழிப்பதற்கானதன்று.

கீழ்க்காணும் அறிகுறிகளை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். தாய்க்கு இரத்தப்போக்கு மிகுந்து துணி விரைவில் நனைதல், கடுந்தலைவலி, கண் மங்கல், வலிப்பு, காய்ச்சலும் துர்நாற்றமுள்ள கசிவும், மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். பேற்றுக்குப் பின் வரும் வலிப்பைச் 'சன்னி' என்று சொல்லி வேப்பிலை அடித்துக் காலங்கடத்தியதால் இறந்தவர் பலர். அஃது இரத்தக் கொதிப்பால் வருவது, மருந்தால் தடுக்கத்தக்கது. குழந்தைக்கோ பால் குடியாமை, துவண்டு கிடத்தல், உடல் சில்லிடல் அல்லது சுடுதல், விரைந்த மூச்சு, மார்பு உள்வாங்கல், வலிப்பு, கொப்பூழில் சீழ், முதல் நாளிலேயே மஞ்சள் நிறம். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள்.

இன்னொன்று, வெளிக்குத் தோன்றாதது. பெற்ற சில வாரங்களில் ஓயாத அழுகையும், உறக்கமின்மையும், குழந்தையின்மேல் பற்றின்மையும் சில தாய்மாரைப் பிடிக்கின்றன. இதனைத் திமிர் என்றோ பேய் என்றோ சொல்லாதீர்கள். இது மருத்துவம் செய்யத்தக்க நோய். கவனியாது விட்டால் உயிரையும் மாய்த்துக்கொள்ளத் தூண்டும். பெண் குழந்தை பிறந்ததென்று முகம் சுளிக்கும் மாமியார்க்கும் கணவனுக்கும் இதில் பங்குண்டு.

பணத்தின் செய்தியையும் சொல்ல வேண்டும். பேறுகால நலச் சட்டத்தில் 2017இல் செய்த திருத்தம், நிறுவனங்களில் பணிபுரியும் பெண்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு அளித்தது. மீன்கூடை சுமப்பவளுக்கும் வீட்டு வேலை செய்பவளுக்கும் அச்சட்டம் எட்டவில்லை. அவர்களுக்காகவே 1987இல் 300 ரூபாயில் தொடங்கி, 2018இல் 18,000 ரூபாய் மதிப்புக்கு உயர்ந்தது மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவி. கருவுற்ற தொடக்கத்திலேயே நகர்ப்புறச் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்துகொள்வது முதற்படி. அத்தொகை தாயின் உணவுக்கும் ஓய்வுக்கும் உரியது; கணவனின் கடனை அடைப்பதற்கன்று.

நாம் செய்யத்தக்கது

பேறுகாலச் செவிலியத்துக்கெனத் தனிப் பயிற்சி பெற்றவர்களை உருவாக்க 2018இல் இந்திய அரசு நெறிமுறை வகுத்தது. இயல்பான பேற்றை அவர்களே தொடக்கம் முதல் இறுதி வரை உடனிருந்து நடத்துவர்; சிக்கல் நேர்ந்தால் மருத்துவரை அழைப்பர். ஊர் மருத்துவச்சியின் நெருக்கமும் மருத்துவமனையின் அறிவும் ஒருவரிடமே சேர வேண்டும் என்பதே இதன் நோக்கம். நம் பங்கின் அறிவுள்ள பெண் பிள்ளைகள் இப்பணிக்கு முன்வர வேண்டும். இரவு வேலை என்று சொல்லிப் பெற்றோர் தடுத்தலாகாது. பார்வோனின் கட்டளைக்கு அஞ்சாமல் எபிரேயக் குழந்தைகளை உயிரோடு காத்த சிப்ரா, பூவா என்னும் இரு மருத்துவப் பெண்களின் பெயரை விவிலியம் நினைவில் வைத்திருக்கிறது. அப்பார்வோனின் பெயரையோ அவ்விடத்தில் அது சொல்லவில்லை.

பங்கு அளவிலும் ஒன்று செய்யலாம். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் கருவுற்றிருக்கும் பெண்களை, எம்மதத்தினராயினும், அறிந்து வைத்துக்கொள்ளட்டும். துணைக்கு ஆளில்லாதவளுக்கு ஒரு துணையை ஏற்படுத்தட்டும். குழந்தை பிறந்த மூன்றாம் நாளிலும், இரண்டாம் வாரத்திலும், ஆறாம் வாரத்திலும் அனுபவமுள்ள பெண்கள் இருவர் அவ்வீட்டுக்குச் சென்று வரட்டும். குழந்தைக்கு முத்தம் கொடுத்துவிட்டு வருவது போதாது. தாய் உண்டாளா, உறங்கினாளா, குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறதா என்று கேளுங்கள். கண்ட அறிகுறியைச் சுகாதாரச் செவிலியர்க்குத் தெரிவியுங்கள். வின்சென்ட் தே பவுல் சபையாரும் மரியாயின் சேனையினரும் இதனைத் தம் வாரப் பணிகளுள் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்னை மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து சென்றபோது எலிசபெத்தம்மாளுக்கு ஆறாம் மாதம். மங்கள வாழ்த்துரைத்து அன்றே திரும்பிவிடாமல், மூன்று மாத அளவு உடன் தங்கியிருந்தாள் என்று லூக்கா குறிப்பிடுகிறார். செபமாலையின் மகிழ்ச்சி நிறை மறைபொருள்களில் இரண்டாவதைச் சொல்லும்போதெல்லாம் அம்மூன்று மாதத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் இப்போது பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் பெண் யார் என்பதையும், அவளுக்குத் துணை உண்டா என்பதையும் இந்த வாரமே கேட்டறியுங்கள்.